மழை நாளில் ஆன்ட்ரிம் கடற்கரைச் சாலை: எங்கே இறங்கலாம், எங்கே காரிலேயே இருக்கலாம்

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரைச் சாலைக்கு வெயில் நாளில் மதிப்பெண் போடுவது சுலபம். யார் போட்டாலும் பத்துக்கு ஒன்பது வந்துவிடும். ஆனால் லீவு போட்டு, கார் பதிவு செய்து, ஓட்டலுக்குப் பணம் கட்டிப் போகிறவருக்கு நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. அன்றைக்கு மழை என்றால் மழையில்தான் ஓட்டவேண்டும். இது அந்த மழை நாளுக்கான மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சாலை நன்றாகவே தேறுகிறது, பேர்பெற்ற நிறுத்தங்களில் பாதி தேறவில்லை, பலரும் நிற்காமல் கடந்துபோகிற இரண்டு மூன்று இடங்கள் மழை பெய்தால்தான் பார்க்கவே லாயக்கு.

காஸ்வே கடற்கரைப் பாதை என்று பலகை வைத்திருப்பது பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டெர்ரி வரை, ஏறக்குறைய 195 கிலோமீட்டர். மழை நாளில் அத்தனையையும் ஒரே மூச்சில் முடிக்க நினைப்பது வீண். சரக்கு இருப்பது போர்ட்ரஷுக்கும் லார்னுக்கும் நடுவில், ஏ2 சாலையில், சுமார் 100 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே இரண்டரை மணி நேரம் ஆகும்; தூறலில் மூன்று. நிறுத்தங்களோடு சேர்த்தால் ஒரு முழுநாள். டெர்ரி பக்கம் இருக்கிற மஸ்ஸண்டன் கோயில், 1785இல் ஒரு பிஷப் மலைமுகட்டு விளிம்பில் நூலகமாகக் கட்டிய வட்டக் கட்டடம், அழகுதான். ஆனால் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில் நடந்து போகவேண்டும். மழைக்கு அதை விட்டுவிடலாம்.

வழிகாட்டிகள் எல்லாம் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து லார்ன் போய், அங்கிருந்து வடக்கே ஏறச் சொல்கின்றன. மழை நாளில் இதைத் தலைகீழாக மாற்றுங்கள். அங்கேயும் நம் ஊர்போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். லார்னிலிருந்து வடக்கே போனால் கடல் வலப்பக்கம் வரும். உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் எதிர்வண்டிகளின் தடம் இருக்கும். கடலோர ஒதுங்கிடத்தில் நிறுத்த ஒவ்வொரு முறையும் எதிர்த்தடத்தைக் குறுக்கே வெட்டவேண்டும். வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாமல் அப்படித் திருப்புவது நல்லதல்ல. வடக்கிலிருந்து தெற்கே இறங்கினால் கடல் இடப்பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில். ஒதுங்கிடங்களும் அதே பக்கம்.

இன்னொரு லாபமும் உண்டு. காலையில் எம்2, ஏ26 வழியாக உள்நாட்டுச் சாலையில் வடகரைக்கு நேரே போய்விட்டால் ஒன்றேகால் மணி நேரத்தில் கல்தூண்களுக்குப் பேர்போன ஜயன்ட்ஸ் காஸ்வேயில் இருக்கலாம். பெல்ஃபாஸ்ட்டிலிருந்தும் டப்ளினிலிருந்தும் கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகள் முற்பகலின் பிற்பாதியில்தான் வந்து கொட்டும். வானமும் பெரும்பாலும் மேற்கேதான் முதலில் வெளுக்கும். ஒரே விதிவிலக்கு குளிர்காலம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், தெற்குப் பகுதியைக் கடைசிக்கு வைத்தால் சாலையையே பார்க்க முடியாது. அப்போது மட்டும் வழக்கமான திசை சரி.

கிளம்பும் முன் சில காரியங்கள். டப்ளினில் இறங்கிக் கார் எடுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது விசா. எல்லையில் சோதனைச்சாவடி எதுவும் கண்ணில் படாது. கிலோமீட்டர் பலகை மைல் பலகையாக மாறுவதுதான் ஒரே அடையாளம். ஆனால் சட்டப்படி டப்ளின் இருக்கும் அயர்லாந்து ஒரு நாடு, வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அயர்லாந்து விசா மட்டும் போதாது. பிரிட்டன் விசாவும் வேண்டும், அல்லது இரு நாடுகளுக்கும் பொதுவான பி.ஐ.வி.எஸ். குறிப்பு விசாவில் இருக்கவேண்டும். அந்தக் குறிப்பு இருந்தாலும் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்கவேண்டும். வாடகைக் காரை எல்லை தாண்டி ஓட்டக் காப்பீடு செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா எண்ணைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்தில் கட்டவேண்டும். மறந்தால் அபராதம் வாடகைக் கம்பெனி வழியாக, அவர்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டு வரும்.

காரைப் பொறுத்தவரை, சின்னதாக எடுங்கள். கிராமங்களில் சாலை குறுகும். கரைக்கு இறங்கும் பாதைகள் அதைவிடக் குறுகல். சாவி வாங்கியதும் வைப்பர் ரப்பரைக் கையால் தடவிப் பாருங்கள், கண்ணாடி கழுவும் நீரை நிரப்பச் சொல்லுங்கள். கடலோரத்தில் கண்ணாடியில் படிவது மழை மட்டுமல்ல, உப்புச்சாரலும்தான். வைப்பர் மட்டும் ஓடினால் அது பால் தெளித்ததுபோல் இழுபடும். ஈரக் கோட்டோடு நான்கு பேர் ஏறினால் உள்பக்கக் கண்ணாடியில் ஆவி படியும்; வெப்பத்தை மட்டும் கூட்டினால் போகாது, ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டால்தான் காற்று உலரும். டீசல் பம்பின் பிடி கறுப்பு, பெட்ரோல் பிடி பச்சை. ஈரத்தில் அவசரப்பட்டு மாற்றி நிரப்பிவிட்டால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

யாரும் எச்சரிக்காத ஒன்று கதவு. அங்கே மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. காற்று பின்னாலிருந்து அடிக்கும்படி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கீலை மடக்கிவிடும். பல வாடகை ஒப்பந்தங்களில் இந்தச் சேதம் காப்பீட்டில் வராது. முகப்பு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஒவ்வொரு கதவாக, கையால் பிடித்துக்கொண்டே திறங்கள். குடையை அறையிலேயே விட்டுவிடலாம். மேல்சட்டை, கால்சட்டை இரண்டும் நீர் புகாததாக இருப்பதும், அடிப்பாகம் தேயாத ஷூவும்தான் கைகொடுக்கும். மாற்றுச் சாக்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி.

இனி நிறுத்தங்கள். போர்ட்ரஷிலிருந்து கிழக்கே திரும்பியதும் மகெராகிராஸ் என்ற பார்வையிடம் வரும். காரிலிருந்து இறங்காமலே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை ஒருபக்கம், டன்லூஸ் கோட்டை இன்னொரு பக்கம். மழைக்கு இதுவே போதும் என்பது எங்கள் கட்சி. கோட்டையின் அடுக்களை 1639இல் சமையல்காரர்களோடு கடலில் விழுந்தது என்ற கதையைச் சொல்லித்தான் உள்ளே அழைக்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை நம்புவதில்லை. சீட்டு வாங்கி உள்ளே போனாலும் கூரை இல்லாத சுவர்கள்தான். நனைந்துகொண்டு பார்க்கும் அளவுக்கு அது தேறாது.

ஜயன்ட்ஸ் காஸ்வேக்கு மட்டும் எந்த வானிலையிலும் இறங்கியே ஆகவேண்டும். ஏறக்குறைய 40,000 கருங்கல் தூண்கள். ஐந்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி விரிசல் விட்டு உண்டானவை. பெரும்பாலானவற்றுக்கு ஆறு பக்கம். நின்று எண்ணினால் ஐந்து, ஏழு, எட்டும் கிடைக்கும். 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கட்டண விவகாரத்தில் குழப்பம் அதிகம்: கல்லைப் பார்க்கக் காசு இல்லை. இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு வாங்குவது வண்டி நிறுத்தம், 2012இல் திறந்த பார்வையாளர் மையம், ஒலி வழிகாட்டி எல்லாம் சேர்ந்த கட்டணம். வெயில் நாளில் நடந்து வந்து இலவசமாகப் பார்ப்பது புத்திசாலித்தனம். மழை நாளில் கட்டணம் நியாயமாகிவிடுகிறது. மையத்தில் சூடான இடம், கழிப்பறை, தேநீர், வாசலிலேயே கார். மையத்திலிருந்து கற்களுக்கு ஒரு கிலோமீட்டர். தனியே சின்னக் கட்டணத்தில் சிற்றுந்து ஓடும். கீழே போகும்போது நடந்து போய், ஏற்றத்தில் திரும்பும்போது சிற்றுந்தில் ஏறுங்கள்.

ஈரத்தில் அந்தக் கற்களின் மேல் எப்படி நடப்பது என்பதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். நிறம்தான் அடையாளம். மேல்பகுதிக் கற்கள் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். ஈரமானாலும் ஷூ பிடிக்கும். அலை தொடும் உயரத்துக்கு வரவர, பாசி படிந்து கல் கறுத்துக்கொண்டே போகும். அந்தக் கறுப்பில் கால் வைத்தால் எண்ணெய்த் தரைதான். கறுப்பு தொடங்கும் இடம் உங்கள் எல்லை. நாலு சின்ன அலைக்குப் பிறகு வரும் ஒரு பெரிய அலை அதையும் தாண்டி ஏறும். முதுகைக் கடலுக்குக் காட்டிப் படம் எடுப்பவர்கள் நனைவது இப்படித்தான். பூட்ஸ் முனையால் குதிக்காமல் பாதம் முழுசாகப் பதிய வைத்து நடங்கள்.

மழைக்கு ஒரு பரிசும் உண்டு. தூண்கள் ஒரே நீளக் கம்பமாக இல்லை. துண்டு துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று குழியும் குமிழுமாகப் பொருந்தியவை. அதனால் பல தூண்களின் தலை ஆட்டுக்கல்போலக் குழிந்திருக்கும். மழையில் ஒவ்வொரு குழியிலும் ஒரு கை நீர் தேங்கி, அறுகோணம் அறுகோணமாக வானம் தெரியும். காய்ந்த நாளில் இது கிடையாது. அதே ஈரத்தில் இன்னொன்றும் கண்ணில் படும்: தூண்களின் இடுக்குகளிலிருந்து வழியும் துருக்கறை. வந்தவர்கள் வேண்டுதல்போலச் சொருகிவிட்டுப் போன நாணயங்கள் அவை. துருப்பிடிக்கும்போது உலோகம் உப்பிக் கல்லின் விளிம்பைப் பெயர்த்துவிடுகிறது. 2025இல் நேஷனல் டிரஸ்ட் இதை நிறுத்தும்படி வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. காசைப் பையிலேயே வைத்திருங்கள். மழையில் 162 படி கொண்ட மேய்ப்பர் படிக்கட்டு வழியாக மலைமேல் ஏறும் சுற்றைத் தவிர்க்கலாம். மேகம் இறங்கியிருந்தால் மேலே போனாலும் ஒன்றும் தெரியாது. மொத்தம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்துக்கு எட்டு.

காரிக்-அ-ரீட் கயிற்றுப் பாலத்துக்கு மழை நாளில் பத்துக்கு மூன்று. சால்மன் மீனவர்கள் 1755 வாக்கில் போட்ட பாலத்தின் இன்றைய வாரிசு. 20 மீட்டர் நீளம், கீழே 30 மீட்டர் ஆழத்தில் கடல். நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்கவேண்டும் என்பதுதான் சிக்கல். மழை தடையில்லை, காற்று தடை. காற்று மிஞ்சினால் பாலத்தை மூடிவிடுவார்கள். ஒரு கிலோமீட்டர் நடந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதற்குப் பதில், காலையில் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பணம் திரும்புமா என்ற விதியை வாங்கும்போதே படித்துவிடுங்கள். அந்த நேரத்துக்குப் பக்கத்து பாலின்டாய் துறைமுகம் மேல். செங்குத்தாக இறங்கும் கொண்டை ஊசி வளைவு, முதல் கியரில் இறங்குங்கள். கீழே வண்டி நிறுத்த இடம் கொஞ்சம்தான். மழை நாளில் அது கிடைக்கும் என்பதே ஒரு சௌகரியம். அலை பாறைத் திட்டுகளில் மோதுவதைக் காருக்குள் இருந்தே பார்க்கலாம்.

இருண்ட வேலி என்று சொல்லக்கூடிய டார்க் ஹெட்ஜஸ், 18ஆம் நூற்றாண்டில் ஸ்டூவர்ட் குடும்பம் நட்ட பீச் மரச்சாலை, தொலைக்காட்சித் தொடர் ஒன்றால் உலகப் புகழ் பெற்றது. தூறலில் அதன் அடிமரங்கள் கறுத்துப் பளபளப்பது அழகு. காற்றடித்தால் போகாதீர்கள். வயதான மரங்கள், கிளை முறிகிறது. 2023இல் ஆபத்தான சில மரங்களை வெட்டவே வேண்டியிருந்தது. கார்களுக்குத் தடை, பக்கத்து ஓட்டல் நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடக்கவேண்டும்.

பாலிகாசிலில் சாப்பாடு. மீன் சூப்பும் பழுப்பு கோதுமை ரொட்டியும் குளிருக்குச் சரியான கூட்டு. சைவர்கள் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்: காய்கறி சூப்பின் அடிநீர் கோழியில் எடுத்ததா, உருளைக்கிழங்கு வறுவலின் எண்ணெய் மாட்டுக்கொழுப்பா. சங்கடப்படாமல் பதில் சொல்வார்கள். கடைகளில் டல்ஸ் என்ற காய்ந்த கடற்பாசிப் பொட்டலமும், எல்லோமேன் என்ற மஞ்சள் பாகு மிட்டாயும் கிடைக்கும். டல்ஸ் கருவாட்டு வாசனைக்குப் பழகிய நாக்குக்குப் பிடிக்கும். மற்றவர்கள் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். எல்லோமேனைப் பல்லுக்குப் பயந்து கடியுங்கள்.

பாலிகாசிலிலிருந்து குஷெண்டனுக்கு இரண்டு வழி. டோர் ஹெட் வழியாகப் போகும் கரையோரப் பாதையைத்தான் எல்லோரும் புகழ்வார்கள்: ஒற்றைத் தடம், செங்குத்து ஏற்றம், குருட்டு வளைவு, நடுவே ஆடுகள். வெயிலில் ஸ்காட்லாந்தின் கரை கண்ணெதிரே நிற்கும். மழையில் ஸ்காட்லாந்தும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. எதிரே வண்டி வந்தால் ஈரச்சரிவில் பின்னால் போகவேண்டும். வேண்டாம். மேட்டுச் சதுப்பைக் கடக்கும் ஏ2வையே பிடியுங்கள். ஏனென்றால் மழை நாளின் மிகச் சிறந்த காட்சி அங்கேதான் இருக்கிறது.

அது லாக்கரீமா, மறையும் ஏரி. மூன்று ஓடைகள் உள்ளே வருகின்றன, ஒன்றுகூட வெளியே போவதில்லை. அடியில் சுண்ணாம்புப் பாறையில் ஒரு துளை. தொட்டியின் வடிகுழாய்போல நீர் அதில் இறங்கிப் போகிறது. மழை வலுத்தால் கரித்தூள்போன்ற சதுப்பு மண் வந்து துளையை அடைக்கும், ஏரி நிரம்பும். அடைப்பு விலகினால் ஓரிரு நாளில் காலி. வெயில் பயணிகள் பார்ப்பது பெரும்பாலும் வெடித்த சேற்றுக் குழியைத்தான். ஒதுங்கிடத்தில் நிறுத்தி, இதற்கா இவ்வளவு என்று போய்விடுவார்கள். தொடர்மழைக்குப் பின் போனால் சாலையின் இருபக்கமும் தண்ணீர். 1898 செப்டம்பரில் நிரம்பி நின்ற ஏரியில், மூழ்கிய சாலை வழியே குதிரைவண்டியில் கடக்க முயன்ற கர்னல் மெக்னீலும் வண்டியோட்டியும் குதிரைகளோடு மூழ்கினார்கள். இன்றைய சாலை உயர்த்திப் போட்டது. பத்து நிமிடம் போதும், கட்டணம் இல்லை. பத்துக்கு ஒன்பது, ஈரமான நாளுக்கு மட்டும்.

குஷெண்டனில் குகைகள் கரையோரம்; கூழாங்கல் பதித்த பழுப்புப் பாறை, நனையாமல் நிற்க ஒரு கூரை. கால் மணி நேரம். அங்கிருந்து வாட்டர்ஃபுட் வந்ததும் ஏ2வை விட்டு ஏ43இல் மேலே ஏறுங்கள்: கிளனாரிஃப் வனப்பூங்கா. அருவி நடைபாதை சுமார் 3 கிலோமீட்டர் சுற்று, பள்ளத்தாக்கின் சுவரை ஒட்டிப் பலகை வழி. வறண்ட கோடையில் அருவி நூலாகிவிடும். நேற்றும் இன்றும் மழை என்றால் பேச்சுக் குரலே கேட்காத அளவுக்குச் சத்தம். மரக்கூரையும் காற்றுமறைவும் இருப்பதால் கடற்கரையைவிட இங்கே நனைவது குறைவு. இலை படிந்த பலகை வழுக்கும், கைப்பிடியை விடாதீர்கள். பராமரிப்புக்காகச் சில நேரம் ஒரு பகுதியை மூடியிருப்பார்கள். வாசல் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். ஒன்றரை மணி நேரம். பத்துக்கு ஒன்பது.

இதற்குப் பிறகுதான் அசல் சாலை. குஷெண்டாலிலிருந்து லார்ன் வரை 40 கிலோமீட்டர். 1832 முதல் 1842 வரை வில்லியம் பால்ட் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் போட்டது. அதுவரை மேட்டின் மேல் ஏறி இறங்கிய வழியை விட்டுவிட்டு, மலையடியை வெடிவைத்துத் தகர்த்து, விழுந்த கல்லையே கடலோரத்தில் அடித்தளமாக்கினார். அதனால்தான் சாலை அலைமட்டத்துக்கு மேல் கொஞ்ச உயரத்திலேயே, வளைவுக்கு வளைவு கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. மேற்குக் காற்று அடிக்கும் நாளில் பின்னாலுள்ள மேட்டுநிலம் மறைப்பதால் வடகரையைவிட இங்கே கடல் அமைதி. கிழக்குக் காற்று என்றால் கதை வேறு: அலை சுவர் தாண்டிச் சாலையில் விழும், கூழாங்கல்லும் சேர்ந்து. கார்ன்லாக்கில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பாலத்தின் அடியில் சாலை போகும்; 1854இல் கல்குவாரி ரயிலுக்காகக் கட்டியது. பக்கத்திலேயே தேநீர் குடிக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. ஒதுங்குவதற்கு இதைவிடத் தோதான ஊர் இந்தப் பக்கம் இல்லை.

கிளனார்முக்கும் பாலிகாலிக்கும் நடுவே மின்னிஸ் நார்த் என்ற இடம். மலைப்பக்கம் பார்த்தால் பச்சைச் சரிவின் நடுவே சாம்பல்நிறச் சேறு நாக்கு நாக்காக நீண்டிருக்கும். மேலே எரிமலைக் கருங்கல், நடுவே சுண்ணாம்பு, அடியில் லயாஸ் என்ற பழங்காலக் களிமண். மழைநீர் மேல் இரண்டிலும் கசிந்து இறங்கிக் களிமண்ணில் தேங்குகிறது. ஊறிய களிமண் தானே நகரத் தொடங்குகிறது. நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு சாலையில் வழிந்து, ஏ2வை மூடவைத்த வரலாறு உண்டு. கிளனாரிஃபிலிருந்து இறங்கும் முன் சாலை நிலவரம் சொல்லும் டிராஃபிக்வாட்ச் என்.ஐ. இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் ஏ43 வழியாகவே பாலிமெனா போய் எம்2 பிடிக்கலாம். வாட்டர்ஃபுட்டுக்கு இறங்கிய பிறகு தெரிந்தால் வந்த மலையை மறுபடி ஏறவேண்டும். வேக எல்லை 60 மைல் என்று இருப்பது அனுமதிதானே தவிர அழைப்பு அல்ல. ஈரத்தில் 40க்கு மேல் போக வேலையில்லை, முன்வண்டிக்கு நான்கு நொடி இடைவெளி விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் வழிவிட்டுவிடுங்கள். அவருக்கு வேலைக்குப் போகவேண்டும், உங்களுக்குக் கடலைப் பார்க்கவேண்டும்.

லார்னுக்குள் நுழையும் முன் பாறையைக் குடைந்த கறுப்பு வளைவு ஒன்று வரும். அதைத் தாண்டியதும் ஊர், பெட்ரோல் பங்க், ஏ8இல் அரை மணியில் பெல்ஃபாஸ்ட். காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் பங்கிலேயே வெளிப்புறத்தை நல்ல நீரில் கழுவி உப்பை எடுத்துவிடுங்கள், மிதியடிகளை உதறுங்கள், நான்கு கதவின் கீல்களையும் சக்கர விளிம்புகளையும் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புப் படலத்தின் அடியில் கீறல் தெரியாது. மறுநாள் அவர்கள் கழுவும்போதுதான் தெரியவரும்.